ஐந்து கிலோ மின்காந்தம் அரைக் கிலோவுக்கே திணறுகிறதா? அறிகுறி பார்த்து வைத்தியம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்துப் பினாங்குத் தீவில் இருக்கும் வீட்டுக்கு வந்தான். படிவம் இரண்டில் படிக்கிறான். பள்ளிப் போட்டிக்காகத் துறைமுகக் கிரேன் மாதிரி ஒன்று செய்திருந்தான். கன்டெய்னர் பெட்டிகளைக் கொக்கிக்குப் பதிலாக மின்காந்தம் தூக்கும். பெட்டிகள் மைலோ டின்னை வெட்டி, மடித்து, சிவப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்தவை. உள்ளே எடைக்கு மணல். பார்க்க அசலாகவே இருந்தது.

"மாமா, அஞ்சு கிலோ தூக்கும்னு போட்டிருந்தான். அரைக் கிலோ பெட்டியைத் தூக்கினாலே பாதியில விழுந்துடுது. காந்தம் டூப்ளிகேட் போல. பதினெட்டு கிலோல ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன்."

ஆர்டர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டிருக்கலாம். பாயான் லெப்பாஸில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். காந்தமே கெட்டுப்போன சம்பவம் எனக்கு அபூர்வம். காந்தத்துக்கு முன்னால் இருக்கும் இரும்போ பின்னால் இருக்கும் மின்சாரமோதான் பெரும்பாலும் குற்றவாளி. அதனால் பெரிய காந்தம் வாங்கும் முன் கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள். கடைகளில் கிடைக்கும் உருளை வடிவ மின்காந்தங்களில் 20/15, 25/20, 34/18 என்று எண் இருக்கும். முதல் எண் விட்டம், அடுத்தது உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். வழக்கமாக இவற்றுக்கு 2.5, 5, 18 கிலோ என்று போடுவார்கள். அவன் வாங்கியது 25/20, 12 வோல்ட், 4 வாட். நான்கைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.33 ஆம்பியர். பன்னிரண்டை அதனால் வகுத்தால் 36 ஓம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரிலும் மீட்டரை வைத்தேன்: 36.4. காந்தம் பிழைத்தது, டூப்ளிகேட் என்ற பழி போயிற்று.

"இழுக்கவே இல்லை, செத்த மாதிரி இருக்கிறது"

மீட்டரில் எண்ணே வராவிட்டால் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. கடையில் வாங்கியது என்றால் தடித்த ஒயர் மெல்லிய சுருள் கம்பியோடு சேரும் இடத்தில்தான் அறும், ஏனென்றால் எல்லோரும் காந்தத்தை ஒயரைப் பிடித்தே தூக்குகிறோம். அந்த இடம் பிசினுக்குள் புதைந்திருந்தால் தோண்ட வேண்டாம், வேறு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே சுற்றியது என்றால் எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்திருப்பீர்கள். பளபளவென்று செம்பு மாதிரியே தெரியும், ஆனால் மேலே இருப்பது வார்னிஷ். உப்புத்தாளால் நுனியைத் தேய்த்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.

ஓம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால், மின்சாரம் ஓடும்போது காந்தத்தின் இரண்டு கால்களிலும் வோல்ட் பாருங்கள். அடாப்டரில் பார்த்தால் போதாது, காந்தத்தின் காலிலேயே பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதி வேலையை முடித்துவிடும்.

"இழுக்கிறது, ஆனால் எழுதியிருக்கும் எடையில் கால்வாசிகூட இல்லை"

வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான், அக்கா மகனுடையதும் இதே கதைதான்.

ஐந்து கிலோ என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் சொல்லாமல் விட்ட நிபந்தனைகள் சில உண்டு. எதிரே இருப்பது மெல்லிரும்பில் (கடினப்படுத்தாத, மென்மையான இரும்பில்) செய்த தடித்த தகடாக இருக்க வேண்டும். அது சமமாக, சுத்தமாக, பெயின்ட் இல்லாமல் இருக்க வேண்டும். காந்தத்தின் முகம் முழுவதும் அதில் படிய வேண்டும். எடை நேர் கீழே இழுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கிலோ சரசரவென்று இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்று வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்று சாப்பாட்டு மேசையிலேயே செய்து காட்டினேன். லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய இரும்புக் குவியலிலிருந்து எப்போதோ பொறுக்கி வைத்த தகடு ஒன்று, ஐந்து மில்லிமீட்டர் தடிமன். உப்புத்தாளில் தேய்த்து, அதில் ஓட்டை போட்டு, ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டினேன். காந்தத்தைக் கிரேனிலிருந்து கழற்றி மேலே பிடித்துக்கொண்டோம். பை அசையாமல் தொங்கியது. அப்புறம் தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் சாதாரண ஏ4 தாளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். மூன்று தாள் வரை பயல் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறாவது தாளில் அரிசி மேசையில் விழுந்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி, ஐந்து கிலோ ஒரு கிலோவுக்கும் கீழே.

காரணம் இப்படி. இந்த உருளைக் காந்தத்தில் நடுவில் ஒரு கட்டை, சுற்றிலும் ஒரு விளிம்பு. காந்தப்புலம் நடுக்கட்டையில் புறப்பட்டு எதிர்த் தகடு வழியாக விளிம்புக்குத் திரும்புகிறது. ஆகவே ஒரு தாளை அது இரண்டு முறை தாண்ட வேண்டும், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. இரும்புக்குள் ஓடுவது அதற்குச் சுலபம், காற்றிலோ காகிதத்திலோ ஓடுவது மகா கஷ்டம். போதாததற்கு, இழுவிசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: புலம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். ஒரு டெஸ்லா (புலத்தை அளக்கும் அலகு) புலம் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நான்கு கிலோ இழுக்கும், அரை டெஸ்லா என்றால் ஒரு கிலோதான்.

பெயின்ட், துரு, இரண்டுமே காந்தத்துக்குத் தாள்தான். கடலோரத்தில் இருக்கும் நமக்குத் துருவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு வாரம் வெளியே வைத்த தகட்டில் படிந்ததைத் தேய்க்காமல் காந்தத்தைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தது தடிமன். மைலோ டின் தகடு மெலிதானது. இரும்புக்குள் சுமார் இரண்டு டெஸ்லாவுக்கு மேல் புலத்தைத் திணிக்க முடியாது. மெல்லிய தகடு சீக்கிரம் நிரம்பிவிடும், மீதிப் புலம் காற்றில் வழிந்துவிடும். மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன்: எதிர்த் தகட்டின் தடிமன், காந்தத்தின் நடுக்கட்டை விட்டத்தில் கால் பங்காவது இருக்கட்டும். நடுக்கட்டை 11 மில்லிமீட்டர் என்றால் தகடு மூன்று மில்லிமீட்டர். டின் தகடு அதன் பக்கத்தில்கூட வராது. பதினெட்டு கிலோ காந்தத்தை வைத்தாலும் அந்த டின்னுக்கு அது தாங்கக்கூடியதுதான் கிடைக்கும். ஒரு சொம்புத் தண்ணீரைக் கரண்டியில் ஊற்றுகிற கதை.

எவர்சில்வரும் ஒரு பொறி. 304 வகை காந்தத்தில் ஒட்டாது, 430 ஒட்டும். வாங்கும் முன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் போய் ஒட்டிப் பாருங்கள்.

கடைசியாக, பக்கவாட்டு இழுப்பு. செங்குத்தான சுவரில் காந்தத்தை ஒட்டி அதில் எடை தொங்கவிட்டால் அங்கே தாங்குவது உராய்வு மட்டுமே. எழுதியிருக்கும் கிலோவில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து பிடித்தாலும் இதே நஷ்டம், ஒரு ஓரத்தில் இடைவெளி திறந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். கிரேனில் பெட்டி ஆடும்போது நடந்தது இதுதான். காந்தத்தை இறுக்கித் திருகாமல், சின்னச் சங்கிலியிலோ ரப்பர் வாஷர் மேலோ கொஞ்சம் ஆடவிட்டால் அது தானாகவே முகம் பார்த்துப் படிந்துகொள்ளும்.

பெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ட் இல்லாத மூன்று மில்லிமீட்டர் இரும்பு வில்லை ஒன்றை எப்பாக்ஸியால் ஒட்டினோம். அதே காந்தம், அதே அடாப்டர். பெட்டி விழவே இல்லை.

"ஒட்டினால் நன்றாகப் பிடிக்கிறது, தூரத்திலிருந்து இழுக்க மாட்டேன் என்கிறது"

இது பழுது இல்லை, தப்பான சாமான் வாங்கியிருக்கிறீர்கள். உருளைக் காந்தம் பிடித்துக்கொள்ள மட்டும். பத்து மில்லிமீட்டர் தள்ளி இருப்பதை இழுத்து வர வேண்டுமானால் உள்ளே தண்டு ஓடும் சாலனாய்டு வாங்குங்கள். அதிலும் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விசை என்று பார்த்து வாங்க வேண்டும். தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது இழுப்பு சொற்பம், உள்ளே போகப் போகத்தான் பலம்.

"சுடுகிறது"

சுடத்தான் செய்யும். பிடித்து நிற்கும் மின்காந்தம் தூக்கும் வேலை எதுவும் செய்வதில்லை, அதற்குக் கொடுக்கும் நான்கு வாட்டும் அப்படியே சூடாகத்தான் போகிறது. எவ்வளவு சூடு என்பதுதான் கேள்வி.

சுருளே ஒரு தெர்மாமீட்டர். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். ஆறியிருந்தபோது 30 டிகிரி அறையில் 36 ஓம் இருந்தது, அரைமணி ஓடவிட்டு உடனே அளந்தால் 43 ஓம் என்று வையுங்கள். ஏற்றம் 19 சதவீதம், ஐம்பது டிகிரி ஏறியிருக்கிறது, உள்ளே 80 டிகிரி. எனாமல் கம்பி இதைத் தாங்கும், பெரும்பாலான கம்பிகள் 130 டிகிரிக்கு மேல் தாங்கக்கூடியவை. தாங்காதது முப்பரிமாண அச்சில் செய்த பிஎல்ஏ பிளாஸ்டிக், 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அக்கா மகனின் கிரேன் மூக்கு கொஞ்சம் தொங்கியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். டிசைனே அப்படி என்று நினைத்திருந்தேன்.

தாங்க முடியாத சூடு என்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அது சரியாக இருந்தால், பிடித்த பிறகு மின்சாரத்தைக் குறையுங்கள். சாமான் படிந்து இடைவெளி மூடியபின் பிடித்து வைக்க முழு பலம் தேவைப்படாது. முதல் அரை விநாடி முழுசாகக் கொடுத்துவிட்டு, பிறகு பல்ஸ் அகலத்தை (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும்போது அது ஓடும் நேரத்தின் பங்கை) 60 சதவீதத்துக்கு இறக்கினால் சுருளில் ஓடும் ஆம்பியரும் ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்கும், சூடு அதன் வர்க்கத்தில் இறங்கும்: 0.6-இன் வர்க்கம் 0.36. மூன்றில் ஒரு பங்கு சூடுதான் மிஞ்சும்.

வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இதை நானே பல வருடம் தப்பாக நினைத்திருந்தேன். "பலம் போதவில்லை, இன்னும் சுற்று" என்போம். வோல்ட் மாறாதவரை சுற்று கூடினால் பலம் கூடாது! கணக்கைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.24 ஓம். ஒரு சுற்று சராசரி ஐந்து சென்டிமீட்டர் என்றால் 500 சுற்றுக்கு 25 மீட்டர், 6 ஓம். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். ஐந்நூறை இரண்டால் பெருக்கினால் 1000 ஆம்பியர்-சுற்று. காந்தத்தின் பலத்தை முடிவு செய்வது இந்த எண்தான். சரி, 2000 சுற்று சுற்றுங்கள்: 100 மீட்டர், 24 ஓம், அரை ஆம்பியர். பெருக்கினால் மறுபடி அதே 1000. மாறியது சூடு மட்டும்: முதலாவது 24 வாட், இரண்டாவது 6 வாட். வெளிச் சுற்றுகள் நீளமாவதால் நிஜத்தில் ஆம்பியர்-சுற்று சற்றுக் குறையவும் செய்யும். பலம் வேண்டுமென்றால் தடித்த கம்பி எடுங்கள், சூடு குறைய வேண்டுமென்றால் அதிகம் சுற்றுங்கள். 0.5 மில்லிமீட்டர் கம்பி அதே 12 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆம்பியர்-சுற்று தரும், ஆனால் அடாப்டர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

கம்பியில் செலவழிப்பதற்குப் பதில் இரும்பின் வடிவத்தை மாற்றுவது லாபம். நேரான போல்ட்டில் சுற்றினால் ஒரு முனைதான் சாமானைத் தொடுகிறது, புலம் மறுமுனைக்குக் காற்று வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தம் 200 கிராம் இரும்புதான். தூக்கியது நான்கு கிலோ. இரும்பைக் குதிரை லாடம்போல் வளைத்து இரண்டு முனையும் ஒரே பக்கம் தொடும்படி வைத்தார். சுற்றியது பதினெட்டே சுற்று.

சுவர் பிளக்கின் 240 வோல்ட்டை நேராகச் சுருளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தை: கூடாது.

"மின்சாரத்தை நிறுத்தினாலும் விட மாட்டேன் என்கிறது"

இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருந்துவிடுகிறது. மெல்லிரும்பில் குறைவு, கடினப்படுத்திய எஃகில் அதிகம். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று அச்சிட்டிருந்தால் அது சூடேற்றிக் கடினப்படுத்தியது, மின்காந்தத்துக்கு உதவாது. எண் இல்லாத மலிவு போல்ட்தான் நல்லது. கடையில் இப்படிக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

வைத்தியம் முன்னால் சொன்ன தாள் கதையின் தலைகீழ். காந்த முகத்தில் ஒரு அடுக்கு செலோடேப் ஒட்டுங்கள். மிச்சக் காந்தம் பலவீனமானது, அந்தச் சின்ன இடைவெளியையே அதால் தாண்ட முடியாது. பிடிக்கும் பலத்தில் கொஞ்சம் போகும், அதற்குத்தான் தேவையைவிட இரண்டு மூன்று மடங்கு கிலோ பார்த்து வாங்குவது. டேப் போதவில்லை என்றால், நிறுத்தும்போது ஒரு கணம் மின்சாரத்தை எதிர்த்திசையில் கொடுக்கலாம், மின்சாரத்தின் திசையை மாற்றித் தரும் ஹெச்-பிரிட்ஜ் போர்டு இருந்தால். அந்தக் கணம் நீண்டுவிட்டால் எதிர்ப்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

விடுவது தாமதமாக மட்டும் இருந்தால் இரும்பைச் சந்தேகிக்காதீர்கள், டயோடைப் பாருங்கள். அது அடுத்ததில் வருகிறது.

"காந்தத்தை நிறுத்தும்போது கன்ட்ரோல் போர்டு ரீசெட் ஆகிறது, அல்லது டிரான்சிஸ்டர் செத்துவிட்டது"

சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் அது நிற்க மறுத்து, நூற்றுக்கணக்கான வோல்ட்டாகத் துள்ளும். இருட்டு அறையில் ஒயரை அடாப்டரிலிருந்து கையால் பிரித்துப் பாருங்கள், நீலப் பொறி தெரியும். விரல் உலோகத்தில் படாமல் பிடியுங்கள், சுருக்கென்று குத்தும். அந்தப் பொறி போய்ச் சேருவது உங்கள் டிரான்சிஸ்டருக்குள்.

சுருளின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று, சில காசு விலை. வெள்ளிக் கோடு இருக்கும் முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் நேர் ஷார்ட், டயோடும் போகும், சமயத்தில் டிரான்சிஸ்டரும் போகும். டயோடு போட்டபின் சுருளில் மின்சாரம் மெதுவாக வடிவதால் காந்தம் விடுவது சற்றுத் தாமதமாகும். அவசரமாக விட வேண்டுமென்றால் டயோடோடு தொடராக, எதிர்முகமாக ஒரு 24 வோல்ட் ஜீனர் (24 வோல்ட்டைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் மின்சாரம் விடும் டயோடு) சேருங்கள். அப்போது மாஸ்ஃபெட் (காந்தத்தை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் வகை) 36 வோல்ட்டுக்கு மேல் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆர்டுயினோ என்ற கன்ட்ரோல் போர்டின் காலிலிருந்து காந்தத்தை நேராக ஓட்டியிருந்தால்? ஆர்டுயினோ ஊனோவின் ஒரு காலுக்கு 20 மில்லிஆம்பியர்தான் உகந்தது, 40 என்பது உச்சவரம்பு. காந்தம் கேட்பது 330. நடுவில் மாஸ்ஃபெட் வேண்டும். இங்கேயும் ஒரு குழி: ஐஆர்எஃப்520 போட்ட சின்ன மாட்யூல்கள் எங்கும் கிடைக்கின்றன. அந்த மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்க 10 வோல்ட் எதிர்பார்க்கும். ஈஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டின் 3.3 வோல்ட்டுக்கு அது அரைக்கண் மூடியே இருக்கும். காந்தம் பலவீனமாக இருக்கும், மாஸ்ஃபெட் சுடும். 5 வோல்ட் போர்டுக்கு ஐஆர்எல்இசட்44என் மாதிரி லாஜிக் வகை சரியாக இருக்கும். மாஸ்ஃபெட்டைத் திறக்கும் 'கேட்' காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் போர்டு எழும்பும் நேரத்தில் காந்தம் தன்னிஷ்டத்துக்கு ஒட்டும்.

காந்தத்தைத் தொடங்கும்போது ரீசெட் ஆனால் போர்டும் காந்தமும் ஒரே அடாப்டரில் தொங்குகின்றன என்று அர்த்தம். காந்தத்துக்குத் தனி அடாப்டர், கிரவுண்ட் மட்டும் இரண்டுக்கும் பொது. அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியைத் தயவுசெய்து புகைக் கண்டுபிடிப்பானுக்கு விட்டுவிடுங்கள். 0.25 ஆம்பியர் கேட்டால் சீக்கிரமே 7 வோல்ட்டுக்குத் தொங்கிவிடும். 12 வோல்ட் காந்தத்துக்கு 7 வோல்ட் என்றால் விசை மூன்றில் ஒரு பங்குதான்.

"ங்ங்ங் என்று முனகுகிறது"

ஊனோவின் பல்ஸ் பெரும்பாலான கால்களில் 490 ஹெர்ட்ஸ், காதில் விழத்தான் செய்யும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றுங்கள். பல்ஸ் இல்லாமலே முனகினால் அடாப்டர் மலிவு.

"கரண்ட் போனதும் திறந்துகொண்டது"

இழுப்பறைக்கோ பெட்டிக்கோ பூட்டுச் செய்கிறவர்கள் சொல்வது. சாதாரண மின்காந்தம் அப்படித்தான். அலுவலகக் கண்ணாடிக் கதவில் மேலே இருக்கும் 280 கிலோ பூட்டும் கரண்ட் போனால் விட்டுவிடும், தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதற்காக. உங்களுக்கு மூடியே இருக்க வேண்டுமென்றால் நிரந்தரக் காந்தம் உள்ளே வைத்த வகையைக் கேளுங்கள். மின்சாரம் இல்லாதபோது பிடிக்கும், கொடுத்தால் விடும். நாள் முழுக்கப் பிடித்து எப்போதாவது விட வேண்டிய வேலை எதற்கும் இதுதான் பொருத்தம், சூடும் மிச்சம். கோலாலம்பூர்வாசிகள் புடு பக்கம் ஜாலான் பசாரில் சாமான் கடைகளைச் சுற்றினால் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கும்போது "மின்சாரம் கொடுத்தால் பிடிக்குமா, விடுமா" என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அக்கா மகனின் கிரேன் இப்போது 2.5 கிலோ காந்தத்தில் ஓடுகிறது. இரும்பு வில்லை வைத்த பிறகு ஐந்து கிலோவே தேவைப்படவில்லை, மூக்கில் பாரமும் சூடும் குறைந்தது. பதினெட்டு கிலோ காந்தம் மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. அதை எதில் போடலாம் என்று கேட்டு எனக்கு இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.